லேப்டாப்பைக் கடைக்குத் தூக்குவதற்கு முன்

போன மாசியில் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, மகளுடைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இருபது நிமிடம் ஓடுகிறது, அப்புறம் தானாக அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புதிது வாங்கத் தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார். பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்குக்கும் நடுவே நெல் தூசு கம்பளி மாதிரி படிந்து, காற்று போக வழியே இல்லை. வீட்டு வாசலை ஒட்டிக் களம். அறுவடை நேரம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண் படித்திருக்கிறாள். தூசை எடுத்து, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், அணையவில்லை.

திருவாரூரில் 12 வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். வயதாகிச் சாகும் லேப்டாப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே அதைக் கெடுப்பது தூசும் ஈரமும் போய்ப் போய் வரும் கரண்டும்தான். இவற்றில் பாதிக்கு மேல் நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். என் மேசையில் நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ, அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கோப்புகள். லேப்டாப் எந்தக் கோளாறோடு இருந்தாலும், ஓடுகிற நிலையில் இருந்தால், முக்கியமானவற்றை உடனே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். குறிப்பாக உள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் வந்தால் ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் டிஸ்க்கைச் சோதிக்கும் வசதியை ஓட்டாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். அதற்கு மிச்சமிருக்கும் மூச்சை நகலெடுக்க மட்டும் செலவிடுங்கள். குழந்தையின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் ஒரே டிஸ்க்கில் இருந்து, அது கெட்டுப்போய், என் எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. ஒரு நகல் வெளி டிஸ்க்கில், இன்னொன்று இணையத்திலோ வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். புயலும் வெள்ளமும் வரும் ஊரில் இரண்டு நகலையும் ஒரே பீரோவில் வைத்துப் பயனில்லை.

ஆன் ஆகவே இல்லை என்றால்

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே எடுக்கிற வகை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் அடித்த மறுநாள் என்னிடம் வருகிறவற்றில் சில இதிலேயே எழுந்துகொள்ளும்.

எழவில்லையா? அடாப்டரில் இருக்கும் சின்ன விளக்கைக் கவனியுங்கள். எல்லா அடாப்டரிலும் அது இருக்காது. இருந்தால் பெரிய உதவி. சுவரில் போட்டே எரியவில்லை என்றால் வேறு பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். அங்கும் எரியாவிட்டால் கோளாறு ஒயரிலோ அடாப்டரிலோதான். சுவரில் போட்டதும் எரிந்து, லேப்டாப்பில் செருகியதும் அணைந்தால், பெரும்பாலும் லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பக்கத்து வீட்டுச் சார்ஜரைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் இரண்டின் அடியிலும் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். வோல்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உங்களுடையது 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றால் அது 65 வாட் சார்ஜர். பின் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எதையும் செருகாதீர்கள்.

ஃபேன் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’யைத் தட்டுங்கள். திரைக்கான மென்பொருள் மட்டும் மறுபடி தொடங்கும். அப்போதும் வரவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரை மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கோ அதற்குப் போகும் கேபிளோதான் கெட்டிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. டிவியில் படம் வந்தால் உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. அதைப் பார்த்தபடியே நகலெடுத்துவிடலாம்.

கரண்ட்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஃபில்டர் பாயிண்ட் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குகிறதே, அந்த லோ வோல்டேஜ் லேப்டாப்பைக் கெடுத்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் கெடுக்காது. அநேகமாக எல்லா அடாப்டரிலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் அதுவே சமாளித்துக்கொள்ளும். லேப்டாப்புக்கென்று தனி ஸ்டெபிலைசர் வேண்டாம். கெடுப்பது, போன கரண்ட் திரும்பி வரும் அந்த நொடி. தெரு முழுக்க மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒன்றாக எழும்போது வோல்டேஜ் எகிறிக் குதிக்கும். ஆகவே கரண்ட் போனதும் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். சர்ஜ் எனப்படும் இந்த எகிறலைத் தாங்கும் பிளக் பலகை ஒன்று வாங்கினால் அது வீண் செலவில்லை. ஆனால் மின்னல் நேரத்தில் பலகையையும் நம்பாதீர்கள், பிடுங்கி வைப்பது ஒன்றுதான் காப்பு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் வரிசையாகச் செல்போனும் லேப்டாப்பும் சார்ஜ் ஆகும். அந்த மாதம் என் மேசைக்கு வந்த பொசுங்கிய அடாப்டர்களை மறக்கவே முடியாது. சின்ன ஜெனரேட்டரில் சுமை ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஆடும். வேறு வழியில்லை என்றால் செல்போனை மட்டும் போடுங்கள். இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் ‘சைன் வேவ்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்ற வகையில் அடாப்டர் ரீங்கரிக்கும், சூடும் கூடும்.

அடுத்தது, மெட்டல் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் உண்டு. அது கசியவிடும் கொஞ்சம் மின்சாரம் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயிண்டில் செருகினால் அது உங்கள் விரல் வழியாக இறங்கப் பார்க்கும். எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டில் போடுங்கள். அப்படியும் இழுத்தால் வீட்டு எர்த்தே வேலை செய்யவில்லை. சித்திரை, வைகாசியில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். எர்த் குழியும் அதோடு காய்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்றச் சொல்லி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதிலும் சரியாகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இது லேப்டாப்புக்காக மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் உயிருக்காக.

சூடு, தூசு, ஈரம்

மெத்தை மேலும் மடியில் தலையணை மேலும் வைத்து ஓட்டாதீர்கள்; காற்று இழுக்கும் வாய் அடியில்தான் இருக்கிறது. ஒரு மரப்பலகை போதும். சம்பா அறுவடை முடிந்ததும் வருடம் ஒருமுறை உள்ளே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீங்களே ஊதுவதாக இருந்தால் அணைத்துவிட்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் கண்டபடி சுற்றினால் அதன் பேரிங் போகும், ஆகவே ஒரு பல்குத்தும் குச்சியால் இறக்கையைத் தடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் லேப்டாப்பைப் பையில் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும். அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்றில் யு.எஸ்.பி. துளையெல்லாம் பச்சை பூத்து வருவதைப் பார்க்கிறேன். அங்கே இருப்பவர்கள் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். கீபோர்டு மேல் முறுக்கு, அதிரசம் சாப்பிடவும் வேண்டாம். எறும்பு உள்ளே போய் முட்டையிட்டிருந்த லேப்டாப்பையே திறந்திருக்கிறேன்.

காபி கொட்டிவிட்டால்? பவர் பட்டனைப் பிடித்து உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பாதி திறந்து கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் அரிசி இருப்பதால் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சி எடுப்பதில்லை, அதன் மாவுதான் துளைகளில் அடைகிறது. தண்ணீராவது காயும், சர்க்கரை போட்ட காபி பிசினாக ஒட்டிச் செம்புக் கோடுகளை அரிக்கும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஆன் செய்யாமல் அன்றைக்கே கொண்டுவந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஆன் செய்து பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் என்னால் செய்யக்கூடியது குறைவு.

மெதுவாக ஓடுகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் என்ற பத்தியில் எப்போதும் 100 சதவீதம் நின்றால் பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற டிஸ்க்கைப் போடுங்கள். சுழலும் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 எம்.பி. படிக்கும் இடத்தில் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. தாண்டும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரே செலவில் லேப்டாப்புக்கு இரண்டாம் ஆயுள் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மெமரி என்ற பத்தி நிரம்பியே இருந்தால் ராம், அதாவது வேலை நேரத்து நினைவகத்தைக் கூட்டுங்கள். ராமில் வகைகள் உண்டு, டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, சில மெலிசான லேப்டாப்பில் ராமை போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற இடத்தில், தேவையில்லாமல் தானாக எழுபவற்றை நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸோடு வருவதே சாதாரண வீட்டுக்குப் போதும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப், அரசு இலவசத் திட்டத்தில் முதல் வருடங்களில் கிடைத்தவை போல, உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் பார்க்க அது போதும்.

பழைய தமிழ்க் கோப்பு ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், வைரஸ் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் தேவாரக் குறிப்புகள் அத்தனையும் அழிந்துவிட்டன என்று கலங்கிப்போய் வந்தார். பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்தும் காட்டினேன்.

பேட்டரி: முடிந்தவரை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல், 80 சதவீதத்துக்கு மேல் எப்போதும் நிற்கவிடாமல் வையுங்கள். பல லேப்டாப்பில் 80-ல் நிறுத்தும் வசதியே அமைப்புகளில் இருக்கும். டச்பேட் மேலே எழும்பினாலோ அடிமூடி உப்பினாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, வீட்டில் தீப்பற்றும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள்.

கடைக்கு வரும்போது சார்ஜரையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். எப்போதிலிருந்து இந்தக் கோளாறு, அதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். தண்ணீர் பட்டிருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.