மண்ணுக்கடியில் போக எந்த கேபிள் வாங்கணும்?

வீட்டிலிருந்து தோட்டத்து மோட்டாருக்கு லைன் இழுக்கும்போது, சுவருக்குள் ஓடுகிற அதே ஒயரை பிவிசி பைப்பில் நுழைத்துப் புதைத்துவிடுகிறார்கள். அது ஐஎஸ் 694 (ஐஎஸ் என்பது இந்தியத் தர நிர்ணய எண்) ஒயர், நேரடியாக மண்ணில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை, பைப்புக்குள்ளும் எப்படியாவது தண்ணீர் இறங்கிவிடும். ஆர்மர்டு கேபிள்தான் (உள்ளே உலோகக் கவசம் சுற்றியது) கேளுங்கள், வெளி உறையில் ஐஎஸ் 1554 (பிவிசி) அல்லது ஐஎஸ் 7098 (எக்ஸ்எல்பிஇ, அதாவது வெப்பம் அதிகம் தாங்கும் ஒரு வகை பாலிஎத்திலீன்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி வரை தாங்கும், சாதா பிவிசி 70தான், அதனால் என் ஓட்டு எக்ஸ்எல்பிஇக்கு. கேபிள் மேல் இருக்கும் குறியீட்டு எழுத்துக்களில் முதலில் 'ஏ' இருந்தால் உள்ளே கம்பி அலுமினியம், இல்லையென்றால் செம்பு.

சைஸை ஆம்பியரை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள், தூரம்தான் கவிழ்க்கும். 12 ஆம்பியர் இழுக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 60 மீட்டர் தள்ளி இருந்தால் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பில் போக வர 120 மீட்டருக்குச் சுமார் 10.7 வோல்ட் விழும், 4 போட்டால் 6.6தான். ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்ட் இன்னும் பல மடங்கு, ஆக 4 போடுங்கள்.

ஐஎஸ் 1255 படி ஆழம் குறைந்தது 75 சென்டிமீட்டர். கீழேயும் மேலேயும் மணல், அதற்கு மேல் செங்கல். அப்புறம் ஆர்மரை (அந்த உலோகக் கவசத்தை) கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பிடி) போட்டு எர்த் பண்ணச் சொல்லுங்கள், பலர் வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள்.