போர்ப் பேச்சுகளை வைத்து ஆங்கிலம் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஆங்கிலம் வரவேண்டுமென்றால் பெரிய தலைவர்களின் பேச்சைக் கேள் என்று சொல்லாத வாத்தியார் இல்லை. நல்ல யோசனைதான். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள், முழு எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால் காதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நான் எடுக்கும் மாலை வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன்: பலரும் ஓசையை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறார்கள். உயிர்கள் போனதைப் பற்றிய பேச்சை அப்படிப் படிக்கக் கூடாது.

முதலில் சின்னத் தவறு. மேடை நடையை அன்றாடப் பேச்சுக்குக் கொண்டுவருவது. 1961-ல் கென்னடி 'ஆஸ்க் நாட்' என்றார். அன்றைக்கே அது பழைய நடை, பேச்சில் 'டோன்ட் ஆஸ்க்'தான். 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் 87 ஆண்டுகளை 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்' என்று சொன்னார். ஒரு ஸ்கோர் என்றால் இருபது. ரசியுங்கள், ஆனால் இன்டர்வியூவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்தது, புகழ்பெற்ற ஒரு வரியோடு நின்றுவிடுவது. 1940 ஜூன் 4-ம் தேதி சர்ச்சில் பேசிய 'வீ ஷால் ஃபைட்' எல்லோருக்கும் தெரியும். நாம் 'ஷால் ஐ?' என்று அனுமதி கேட்கத்தான் ஷால் போடுவோம். இங்கே அது உறுதியைக் காட்டுகிறது. சரி, அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார்? ஜெர்மன் படை சூழ்ந்த பிரெஞ்சுத் துறைமுகம் டன்கர்க்கிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்ட நேரம் அது. பின்வாங்குவதால் போரில் ஜெயிக்க முடியாது, நடந்தது மாபெரும் ராணுவப் பேரழிவு என்று அதே பேச்சில் ஒளிக்காமல் சொல்கிறார். அதைப் படித்த பிறகு கேட்டால் கடைசி வரிகள் வேறு மாதிரி ஒலிக்கும். இன்னொன்று: நாம் இன்று கேட்கும் அந்தக் குரல் அன்று நாடாளுமன்றத்தில் பதிவானது அல்ல, 1949-ல் அவர் மறுபடி வாசித்துப் பதிவு செய்தது.

காதில் விழுந்ததை அப்படியே நம்புவதும் தவறு. 1938 செப்டம்பர் 30-ல் மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுத் திரும்பிய பிரிட்டன் பிரதமர் சேம்பர்லின் சொன்னது 'பீஸ் ஃபார் அவர் டைம்'. பலரும் 'ஃபார்' வரும் இடத்தில் 'இன்' என்றே மேற்கோள் காட்டுகிறார்கள், ஆங்கில ஜெபப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருப்பதால். பதினோரு மாதத்தில் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்துவிட்டது.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன்: வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பார்க்காமல் போவது.

2016 மே 27-ல் ஒபாமா ஹிரோஷிமாவில் பேசினார். எழுபத்தொரு ஆண்டுகளுக்கு முன், மேகமில்லாத பிரகாசமான ஒரு காலையில், 'டெத் ஃபெல் ஃப்ரம் த ஸ்கை', வானத்திலிருந்து மரணம் விழுந்தது என்று ஆரம்பித்தார். வகுப்பில் ஒரு தங்கை இதைத் தமிழாக்கிவிட்டு, பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "விழுந்ததா சார், போட்டாங்களா?"

நாம் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் இது. விழுந்தது என்றால் தானாக நடந்தது. போட்டார்கள் என்றால் போட்டவர் ஒருவர் இருக்கிறார். அடுத்து வரும் 'த வேர்ல்ட் வாஸ் சேஞ்ச்ட்' செயப்பாட்டு வினை. அதிலும் செய்தவர் இல்லை. கொஞ்சம் தள்ளி நகரத்தை அழித்ததாக ஒளியும் நெருப்பும் வருகின்றன, விமானம் வரவில்லை.

அப்புறம் 1945 ஆகஸ்ட் 6-ல் அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரூமன் பெயரில் வெளியான அறிக்கையைப் பக்கத்தில் வைத்தோம். பதினாறு மணி நேரத்துக்கு முன் ஓர் அமெரிக்க விமானம் ஹிரோஷிமா மீது ஒரு குண்டைப் போட்டது என்கிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் எல்லாம் தெளிவு. ஆனால் ஹிரோஷிமாவை 'முக்கியமான ஜப்பானிய ராணுவத் தளம்' என்கிறது. அங்கே ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மைதான். ஆனால் அது லட்சக்கணக்கானவர்கள் குடியிருந்த ஊர். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். ஒரு பேச்சில் செய்தவர் மறைகிறார், இன்னொன்றில் செத்தவர்கள் மறைகிறார்கள். ஒபாமா மேல் நியாயமாக இருக்க வேண்டும்: அதே பேச்சில் இறந்த ஜப்பானியர்களையும் கொரியர்களையும் அமெரிக்கக் கைதிகளையும் சொல்லி அஞ்சலி செலுத்துகிறார். ஒற்றை வரியை வைத்து யாரையும் எடைபோடுவதும் தவறுதான்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கென்னடி 1963 ஜூன் 10-ல் வாஷிங்டனில் அமெரிக்கன் யுனிவர்சிட்டியில் பேசியது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை போன கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே நடுங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த மாதிரி சமாதானம் வேண்டும் என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்கிறார். அதே ஆகஸ்டில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பேச்சில் நான்கு குட்டி வாக்கியங்கள்: நாம் எல்லோரும் இந்தச் சிறிய கோளில் வாழ்கிறோம், ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம், பிள்ளைகளின் எதிர்காலத்தைப் போற்றுகிறோம், எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள். முதல் மூன்றில் 'வீ ஆல்' என்று வந்து, கடைசியில் 'வீ ஆர் ஆல்' என்று 'ஆல்' இடம் மாறுவதைக் கவனியுங்கள். 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால்தான் 'ஆல்' உட்காரும்.

இந்த நான்கையும் சத்தமாக வாசித்துவிட்டு, அதே அமைப்பில் உங்கள் தெருவைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதிப் பாருங்கள். மறுநாள் ஹிரோஷிமா வரியை எடுத்து, குண்டைப் போட்டவரை எழுவாயாக வைத்து ஆங்கிலத்திலேயே திருப்பி எழுதுங்கள்.