சுரபுன்னை நடப் போகிறீர்களா?

மழைக்காலம் வந்தால் முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் கன்று நட ஆட்கள் வருகிறார்கள். நான் ஆரம்பத்தில் அடித்த கூத்தையே அடிக்கிறார்கள். செருப்போடு சேற்றில் இறங்குவதைப் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை, ஒருமுறை மாட்டினால் தானாகப் புரியும். மற்ற தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பச்சையாகப் பறிப்பது

சுரபுன்னை அலையாத்தியில் ஒரு வகை. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். காம்புப் பக்கம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வளையம் விட்டிருக்க வேண்டும். லேசாகத் திருகினால் கையோடு வரும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

தலைகீழாக நடுவது

தடித்த பக்கம் கீழே, மொட்டு மேலே. அவ்வளவுதான்.

காலியிடம் கண்டதும் நடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முதல் வருடம், வழவழவென்று பரந்து கிடந்த ஒரு திட்டைப் பார்த்து, நானூறு காய் குத்தினோம். சித்திரையில் போய்ப் பார்த்தால் தரையில் வெள்ளையாக உப்பு, நடுவே கருகிய குச்சிகள்.

உதிர்ந்த காய் முதலில் படுத்தபடி மிதக்கும். நாளாக ஆக வேர்ப் பக்கம் கனத்து நிமிரும், தண்ணீர் வற்றும்போது சேற்றைத் தொட்டு வேர் பிடிக்கும். இப்படி வருடா வருடம் ஓதம் (ஏறி இறங்கும் கடல்நீர்) விதையைக் கொண்டுவரும் காட்டில் ஓர் இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது? அதை நாங்கள் கேட்கவே இல்லை. அந்தத் திட்டு நடுவில் குழிந்த தட்டு மாதிரி இருந்தது. பெரிய ஓதத்தில் நுழைந்த நீர் வெளியேறாமல் நின்று, வெயிலில் வற்றி, கடலைவிட உப்பாகியிருந்தது.

பிச்சாவரத்திலும் இதே கதைதான். பழைய காலத்தில் கூறுபோட்டு மொத்தமாக வெட்டிய இடங்கள் குழிந்து உவர்ந்தன. 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதான் அங்கே கன்று பிடித்தது. நம் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது, அரையடி மேடு பள்ளமே தலையெழுத்தை மாற்றிவிடும். அதனால் குச்சி ஊன்றி, அமாவாசைக்கும் அட்டமிக்கும் தண்ணீர் எதுவரை வந்து போகிறது என்று குறியுங்கள். அப்புறம் காய் பொறுக்கலாம்.

நாங்களும் வாய்க்கால் வெட்டினோம். மறு வருடம் காயோடு போனபோது, வாய்க்கால் ஓரத்தில் கண்டல் என்ற இன்னொரு வகை அலையாத்தியின் இரண்டிலைக் கன்றுகள் வரிசையாக நின்றன. அவற்றை யாரும் நடவில்லை.

கண்டல் விதையைப் புதைப்பது

வேண்டாம். சேற்றில் லேசாக அழுத்தினால் போதும்.

கேட்காமல் எடுப்பது

முத்துப்பேட்டை, பிச்சாவரம் இரண்டு இடமும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு காயைக்கூடத் தொடாதீர்கள்.