டிஸ்ப்ராக்சியா: தருமபுரிப் பெற்றோர் அரசு மருத்துவமனையில் கண்டறிந்துகொள்ளும் வழி

களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சட்டையில் சிந்திவிடும் ஏழு வயதுப் பிள்ளை, காஜா கண்ணுக்குத் தெரிந்தும் பொத்தானை அதில் நுழைக்க விரல் இணங்காமல் அழுகிறது என்றால், சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் டிஸ்ப்ராக்சியாவாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டும். அசைவுகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பதில் உள்ள வளர்ச்சிச் சிக்கல் இது, அறிவுக் குறைவன்று. பொதுவாக 5 வயதுக்கு முன் இதை உறுதி செய்வதில்லை. ஆனால், முன்பு நன்றாகச் செய்துவந்ததைப் பிள்ளை இப்போது இழந்துவந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்தாலோ, அது வேறு நோயாக இருக்கக்கூடும் என்பதால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிற காரணங்களை விலக்கவே அவை உதவும். எனவே, கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில் மருத்துவர் பார்க்க முடியாததை நீங்கள்தான் எழுதிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில், "பொத்தான் போட இத்தனை நிமிடம், செருப்பை இத்தனை முறை இடம் மாற்றிப் போட்டான், மாடிப்படியில் இத்தனை முறை விழுந்தான்" என்று தேதியுடன் குறியுங்கள். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது எந்தெந்த மாதத்தில் என்பதையும், வகுப்பாசிரியர் கைப்பட எழுதிய குறிப்பையும், பிள்ளையின் எழுத்து நோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த நோட்டைக் காட்டுவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான தேசிய உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ காலையிலேயே புறப்பட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எடுத்துக் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டலாம். பார்வையையும் செவியையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (உண்பது, உடுத்துவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி), உளவியல் மதிப்பீடுகளுக்குப் பரிந்துரை கேளுங்கள். வாய்மொழியாக "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினால், மதிப்பீட்டின் முடிவைச் சீட்டில் எழுதித் தருமாறு பணிவுடன், ஆனால் விடாமல் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்ற வகையின் விளக்கத்தில் டிஸ்ப்ராக்சியாவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்த வகைக்கான சான்றிதழ் 8 வயது நிறைந்த பிறகே வழங்கப்படும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபிப் பயிற்சிகளுக்கோ சான்றிதழ் தேவையில்லை. பரிந்துரைச் சீட்டு கையில் கிடைத்த வாரமே தொடங்கிவிடலாம்.