கூகுள் உங்களை எந்த ஊரில் வைத்திருக்கிறது? பார்ப்பதும் மாற்றுவதும்

சென்னையிலும் அண்ணா நகர் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணா நகர் இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஆனாலும் ‘அண்ணா நகர் டூப்ளிகேட் சாவி’ என்று கூகுளில் தட்டினால், எந்த ஊர் அண்ணா நகர் என்று அது பெரும்பாலும் திருப்பிக் கேட்பதில்லை. தானே ஒரு ஊரை முடிவு செய்துகொண்டு கடைகளை வரிசையாகக் காட்டிவிடுகிறது. அந்த முடிவு தப்பாகிற அன்றைக்குத்தான், இதற்கு நம் ஊர் எப்படித் தெரியும் என்ற கேள்வியே நமக்கு வருகிறது.

அதை எங்கே பார்ப்பது, எப்படி மாற்றுவது, வேறு ஊரில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் அறிவு பெரிதாக வேண்டாம். கடை வைத்திருப்பவர்களுக்கு நேரமில்லை என்றால் நான்காவது படிக்கு நேராகப் போய்விடலாம்.

படி 1: பக்கத்தின் அடிவரை போங்கள்

எதையாவது தேடுங்கள். முடிவுகளைத் தாண்டிக் கீழே, கடைசி வரை தள்ளிக்கொண்டே போங்கள். அடியில் ‘இந்தியா’ என்றும், பக்கத்தில் ஓர் ஊரின் பெயரோ பின்கோடோ இருக்கும். அதுதான் நீங்கள் இருப்பதாக கூகுள் நினைக்கிற இடம்.

ஊர்ப் பெயரை ஒட்டி இன்னொரு சின்ன வரி இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த ஊரை எதை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று கூகுள் அதில் சொல்கிறது: உங்கள் சாதனத்திலிருந்து, உங்கள் ஐபி முகவரியிலிருந்து, உங்கள் முந்தைய பயன்பாட்டிலிருந்து, அல்லது மேப்பில் நீங்களே ‘வீடு’, ‘வேலை’ என்று குறித்து வைத்த முகவரியிலிருந்து.

படி 2: அந்த வரிக்கு என்ன அர்த்தம்?

‘சாதனத்திலிருந்து’ என்று இருந்தால் போனின் ஜிபிஎஸ்ஸும் சுற்றியுள்ள வைஃபையும் சேர்ந்து சொன்ன இடம் அது. தெருவரைக்கும் சரியாக இருக்கலாம்.

‘ஐபி முகவரியிலிருந்து’ என்று இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். இன்டர்நெட்டில் நுழைகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண் எந்த ஊர்ப் பக்கம் புழங்குகிறது என்று பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றை வைத்து ஊரைக் கணிக்கிறார்கள். நாடு அநேகமாகச் சரியாக இருக்கும், ஊர்தான் தகராறு. மொபைல் டேட்டாவில் ஏராளமான வாடிக்கையாளர்கள் ஒரே பொது எண்ணின் பின்னால் நிற்கிறார்கள். அந்த எண் வெளியே வருகிற வாசல் ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் இருக்கும். நீங்கள் தேனியில் உட்கார்ந்திருப்பீர்கள், கூகுள் உங்களைச் சென்னையில் வைத்திருக்கும். வீட்டு வைஃபைக்கு மாறியதும் ஊர் மாறுவதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

இந்த இடத்தில் இன்காக்னிட்டோ, அதாவது தேடியதை நினைவில் வைக்காத பிரவுசர் ஜன்னல், பற்றி ஒரு வார்த்தை. அதில் தேடினால் கூகுளுக்கு நாம் யாரென்றே தெரியாது, நடுநிலையான முடிவு வரும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவிக்கிடக்கிறது. பழைய தேடல்களும் லாகினும் அங்கே வராது, அதுவரை உண்மை. ஆனால் ஐபி எண் அதேதான், எனவே ஊரும் அதேதான். இன்காக்னிட்டோவில் ஒரு தேடல் போட்டு, அடியில் இருக்கிற ஊர்ப் பெயரைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

படி 3: அனுமதியைக் கொடுப்பதா, எடுப்பதா?

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், லொகேஷன், அதற்குள் ஆப்களுக்கான அனுமதி என்று போனால் குரோமும் கூகுளும் இருக்கும். ஐபோனில் பிரைவசி பகுதிக்குள் லொகேஷன் சர்வீசஸ். இரண்டிலும் ‘துல்லியமான இடம்’ என்று தனியாக ஒரு பொத்தான் உண்டு. என்னைக் கேட்டால், மேப்புக்குத் துல்லியம் வேண்டும், தேடலுக்கு வேண்டாம். பக்கத்து மெடிக்கல் ஷாப்பைத் தேட ஏரியா தெரிந்தால் போதும், வீட்டு வாசல் தெரிய வேண்டியதில்லை. அனுமதியையே எடுத்துவிட்டாலும் ஐபி எண்ணை வைத்து தோராயமான ஓர் இடம் போய்க்கொண்டுதான் இருக்கும். அதை முழுசாக நிறுத்த முடியாது, ஏனென்றால் பதிலை எங்கே அனுப்புவது என்று தெரிய அந்த எண் தேவை.

படி 4: மதுரையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

கடைக்காரர்கள் பலர் செய்கிற வேலை ஒன்று உண்டு. கடைக்குள்ளேயே நின்று, கடையின் வைஃபையில், தங்கள் தொழிலின் பெயரைத் தேடுவார்கள். முதலில் தங்கள் கடை வந்ததும் மனசு நிறைந்துவிடும். வராமல் எங்கே போகும்? உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பேர் அறிந்தது என்பது. கடைக்குள் நின்று தேடினால் தூரம் பூஜ்யம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு உங்கள் கடை அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். 2015-இல் மேப்போடு காட்டுகிற கடைகளை ஏழிலிருந்து மூன்றாகக் குறைத்த பிறகு இடம் கிடைப்பது இன்னும் நெருக்கடியாகிவிட்டது.

இதைச் சோதிக்க ஊர் ஊராக அலைய வேண்டாம். கம்ப்யூட்டரில் குரோம் இருந்தால் போதும்.

முதலில் கூகுள் மேப்பைத் திறந்து, எந்த இடத்தில் நிற்பதாக நடிக்க வேண்டுமோ அந்த இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வருகிற பட்டியலின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். மதுரை நகரம் என்றால் 9.92, 78.12 என்கிற மாதிரி. முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. அதன்மேல் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும்.

அப்புறம் புதிய டேபில் கூகுளைத் திறந்து, விசைப்பலகையில் எஃப்12 அழுத்துங்கள். நிரல் எழுதுபவர்களுக்கான பலகை ஒன்று பக்கவாட்டில் திறக்கும். அதில் இருப்பதையெல்லாம் பார்த்து மிரள வேண்டாம், நமக்கு ஒரே ஒரு மூலைதான் வேண்டும். பலகையின் மேல் வலது ஓரத்தில் மூன்று புள்ளிகள், அதற்குள் ‘மோர் டூல்ஸ்’, அதற்குள் ‘சென்சார்ஸ்’. அங்கே லொகேஷன் என்ற இடத்தில் ‘நோ ஓவர்ரைடு’ என்று இருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்தால் மும்பை, லண்டன், டோக்கியோ எல்லாம் தயாராக இருக்கின்றன. நமக்கு வேண்டியது ‘அதர்’. அதைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்த எண்களை அதனதன் கட்டத்தில் போடுங்கள்.

பலகையை மூடாமல், அதே டேபில் ‘அண்ணா நகர் டூப்ளிகேட் சாவி’ என்று தேடுங்கள். அடிவரை போய், ‘அப்டேட் லொகேஷன்’ என்பதை அழுத்துங்கள். லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுங்கள். அடியில் மதுரை என்று மாறியிருக்கும். மேலே போய்ப் பட்டியலைப் பாருங்கள். அதன் பிறகு சென்னையின் எண்களைப் போட்டு இன்னொரு முறை. கடைகள் மாறுவது மட்டுமில்லை, சில தேடல்களில் மேப்பே வராமல் போகும், சிலவற்றில் புதிதாக முளைக்கும்.

விபிஎன், அதாவது நம் இணைப்பை வேறு இடத்து கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவிடும் சேவை, போட்டுச் செய்யலாமே என்று கேட்பீர்கள். விபிஎன் ஐபி எண்ணை மட்டும்தான் மாற்றும். போனில் லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், எண் சிங்கப்பூர் என்று சொல்லும்போதே ஜிபிஎஸ் தேனி என்று சொல்லிவிடும். நாடு மாற்ற உதவும், ஊர் மாற்றுகிற வேலைக்கு அது சரிப்பட்டு வராது.

படி 5: நாட்டை மட்டும் மாற்ற

முன்பெல்லாம் முகவரியின் கடைசி எழுத்துகளை மாற்றி இந்திய கூகுளுக்கோ பிரெஞ்சு கூகுளுக்கோ போகலாம். அந்த வழியை 2017 அக்டோபரில் மூடிவிட்டார்கள். எந்த முகவரியில் நுழைந்தாலும் நீங்கள் நிற்கிற நாட்டின் முடிவுதான். இப்போது கூகுளின் தேடல் செட்டிங்ஸில் மொழியும் பிராந்தியமும் என்ற பகுதிக்குள் போய் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்கா என்று வைத்து ஃபுட்பால் என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். பிரிட்டன் என்று மாற்றி அதையே தேடுங்கள். அமெரிக்காவுக்கு ஒரு விளையாட்டு, பிரிட்டனுக்கு வேறு விளையாட்டு.

டக்டக்கோ என்கிற இன்னொரு தேடுபொறியில் இது இன்னும் சுலபம். முடிவுகளுக்கு மேலேயே நாட்டுக்கான பொத்தான் இருக்கிறது, அணைத்தும் வைக்கலாம்.

சோதனை முடிந்ததும்

பலகையை மூடினால் போலி இடமும் போய்விடும். ஆனால் கூகுள் உடனே மறக்காது. பிரவுசர் சொன்ன இடத்தை ஒரு குக்கீயில், அதாவது பிரவுசரிலேயே சேமிக்கிற ஒரு சின்னக் குறிப்பில், 6 மணி நேரம் வரை வைத்திருக்கும். மதுரையில் விட்டுவிட்டு ஸ்விக்கிக்கோ டாக்டருக்கோ தேடினால் மதுரைக் கதைதான் வரும். அடிவரை போய் ‘அப்டேட் லொகேஷன்’ என்பதை இன்னொரு தடவை அழுத்தி, உங்கள் ஊர்ப் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.