ரா கோப்புகளைச் சேமிக்க வெளிப்புற ஹார்ட் டிஸ்க்: எந்த இணைப்பு வேண்டும்?

ரா வடிவில் (கேமரா பதிவு செய்ததைக் குறைக்காமல் வைத்திருக்கும் பெரிய கோப்புகளாக) படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே கணினியில் இடம் போதாமல் போகிறது. வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனால், பெட்டிக்குப் பெட்டி யுஎஸ்பி 3.0, 3.2 ஜென் 2, தண்டர்போல்ட் என்று கணினியுடன் இணைக்கும் முறைகளின் பெயர்கள் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பி, விலை கூடியதே நல்லது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தேவையற்ற செலவு. அந்தப் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி, அதே படங்களின் இரண்டாவது பிரதியை வைத்துக்கொள்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: அளவைக் கணக்கிடுங்கள்

24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு, அதைச் சுருக்கும் முறையைப் பொறுத்து, ஏறத்தாழ 25 முதல் 50 எம்பி வரை இருக்கும். ஒரு திருமணத்தில் 3,000 படங்கள் எடுத்து, படம் ஒன்றுக்கு 30 எம்பி என்று வைத்தால், மொத்தம் 90 ஜிபி ஆகிறது. இந்த 90 ஜிபியையே கீழே அளவுகோலாகக் கொள்வோம்.

படி 2: டிஸ்க்கின் வகையை முதலில் முடிவு செய்யுங்கள்

இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், டிஸ்க் தன்னால் எழுத முடிந்த வேகத்தில்தான் எழுதும். உள்ளே தட்டு சுழலும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் 100 முதல் 140 எம்பி வரை எழுதும். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் பழைய, மெதுவான சாட்டா வகை 500 எம்பியைச் சற்றுத் தாண்டும். வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் எட்டும்.

படி 3: இணைப்பின் வேகத்தைப் படித்தறியுங்கள்

பெட்டியில் அச்சிடப்படும் வேகம் பிட் கணக்கில் இருக்கும். கோப்பின் அளவோ பைட் கணக்கில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே அந்த எண்ணை எட்டால் வகுத்து, கிடைப்பதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட், நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி அளவில் நின்றுவிடும் என்பதால், நம் 90 ஜிபியை நகலெடுக்க முக்கால் மணி நேரம் போய்விடும்.

2008-இல் வந்த யுஎஸ்பி 3.0-இன் வேகம் 5 ஜிகாபிட். நடைமுறையில் 400 எம்பிக்குக் குறையாமல் கிடைக்கும். இதுவே பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதன் பிறகு 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாறியது. மூன்றும் ஒன்றே என்பதால், புதிய பெயரைக் காட்டி யாரும் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சுழலும் டிஸ்க்குக்கு இந்த 5 ஜிகாபிட் தாராளமாகப் போதும். 90 ஜிபி ஏறத்தாழ பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்களில் ஏறிவிடும். அதே டிஸ்க்கைத் தண்டர்போல்ட்டில் இணைத்தாலும் அந்த நேரம் குறையாது. என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குவோர் மட்டும் 10 ஜிகாபிட் தரும் 3.2 ஜென் 2 இணைப்பைத் தேட வேண்டும். 40 ஜிகாபிட் தரும் தண்டர்போல்ட் 3, பல டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் அடுக்கி வைத்திருப்போருக்கும், பெரிய காணொளிகளை வெளி டிஸ்க்கில் வைத்தபடியே தொகுப்போருக்கும் உரியது.

படி 4: போர்ட்டையும் கேபிளையும் பாருங்கள்

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. அது வேகத்தைக் குறிப்பதில்லை. கைபேசி சார்ஜ் செய்யத் தரப்படும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 வேகமே கிடைக்கும் என்பதால், விலை உயர்ந்த எஸ்எஸ்டியும் அந்தக் கேபிளில் மாட்டியவுடன் 35 எம்பிக்கு இறங்கிவிடும். டிஸ்க்குடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய மடிக்கணினியில் உட்புறம் நீல நிறமாக இருக்கும் போர்ட் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0 ஆக இருக்கும். ஆனால் எல்லா நிறுவனங்களும் இந்த நிறத்தைப் பின்பற்றுவதில்லை.

3.5 அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி மின் அடாப்டர் தேவைப்படும். வெளியிடங்களுக்குப் படமெடுக்கச் செல்வோர் 2.5 அங்குலத்தையோ எஸ்எஸ்டியையோ வாங்குவது நல்லது.

படி 5: ஃபார்மேட் செய்யுங்கள்

விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்துவதானால் இரண்டும் படித்து எழுதக்கூடிய எக்ஸ்ஃபாட் வடிவில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸுக்கு உரிய என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்குமே தவிர, கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், படங்களை ஏற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

10 ஜிபி அளவுள்ள ஒரு படத் தொகுப்பை, மெமரி கார்டிலிருந்து அல்லாமல், கணினியிலிருந்தே டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கார்டிலிருந்து எடுத்தால் கார்டு ரீடரின் வேகமும் கணக்கில் கலந்துவிடும். சுழலும் டிஸ்க்கில் ஒன்றரை நிமிடத்தை ஒட்டி முடிந்தால் இணைப்பு சரியாக உள்ளது. ஐந்து நிமிடம் பிடித்தால், இடையில் ஏதோ ஒன்று யுஎஸ்பி 2.0-இல் இயங்குகிறது: முதலில் கேபிளையும், பிறகு போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள், நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி) இருந்தால் அதை நீக்கிவிட்டு நேரடியாக இணையுங்கள்.