ஜெர்மனியில் வாடகை வீடு: புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலை உறுதியாகி, விசாவும் கைக்கு வந்த பிறகு மிச்சமிருப்பது வீடு ஒன்றுதான். அந்த அவசரத்தில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள்.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்புவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ‘நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் எழுதினால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அத்துடன் பேச்சை நிறுத்திவிடுங்கள். அங்கே தெரிந்தவர் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையா? முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தற்காலிக அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு தேடுங்கள். வாடகை கூடுதலாக இருந்தாலும் அதையே நான் சொல்வேன்.

அந்தத் தற்காலிக அறையை எடுக்கும்போதே ‘இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். ‘அன்மெல்டுங்’ எனப்படும் முகவரிப் பதிவைக் குடியேறிய 2 வாரங்களுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிக் கடிதம் தேவை. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது. பதிவு செய்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கிக் கணக்கு, வசிப்பு அனுமதி என்று எங்கே போனாலும் இந்தப் பதிவுச் சான்றைத்தான் கேட்பார்கள். பதிவுக்கு இடம் தராத அறை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

விளம்பரத்தில் இரண்டு வாடகைகள் இருக்கும். ‘கால்ட்மீட்டே’ என்பது வெறும் வீட்டுக்கு. சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது ‘வார்ம்மீட்டே’. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதிலும் அடங்காது. முதல் எண்ணை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் மாதக் கடைசியில் தவிக்கிறார்கள். முன்பணம் கால்ட்மீட்டேயின் 3 மடங்கைத் தாண்டக் கூடாது. அதையும் 3 மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் கமிஷன் தர வேண்டியதில்லை. 2015 முதல், அமர்த்தியவர்தான் தர வேண்டும்.

‘சமையலறை உண்டு’ என்றால் அடுப்பு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும்தான் இருக்கும். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் உங்கள் செலவு.

சாவி வாங்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நானே ஏமாந்தேன். வீட்டின் நிலையைக் குறித்த ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினார்கள். வீடு கிடைத்த மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஜன்னலுக்குக் கீழே மரத்தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் இருந்தது, படிவத்தில் இல்லை. காலி செய்தபோது முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் ஒவ்வோர் அறையாக நடங்கள். குளியலறை மூலையில் கரும்பூஞ்சை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், மீட்டர் எண்களைப் படம் எடுங்கள். கண்ணில் பட்ட குறை அத்தனையும் படிவத்தில் ஏறிய பிறகு கையெழுத்திடுங்கள்.

காலி செய்வதற்கு 3 மாத முன்னறிவிப்பு வேண்டும். அது கையெழுத்திட்ட காகிதமாகப் போக வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. குறிப்பிட்ட காலம்வரை காலி செய்ய முடியாது என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

குடியேறிய அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெயரைத்தான் தேடுவார். பெயர் இல்லாத பெட்டியில் கடிதம் விழாது. வரி எண் வந்த உறையும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.